முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் விசாரிக்கும் பொருள் பைபாட். துப்பாக்கியின் முன்கட்டைக்கு அடியில் மாட்டும் இருகால் தாங்கி அது. "இதைப் போட்டால் கை ஆடாது, குறி தப்பாது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கி மாட்டியவர்களில் பலர் "முன்னைவிட மோசமாகச் சிதறுகிறதே" என்று வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. எந்தத் துப்பாக்கிக்கு அது பொருந்தும், எப்படிப் படுத்து எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. பதக்கம் வந்தால் செய்தி போடும் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கும் ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறோம்.

முதலில் யாருக்கு இது தேவையில்லை என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பழக்கும் பெற்றோர் பைபாட் வாங்க வேண்டாம். அந்தப் போட்டி நின்றுகொண்டு சுடுவது. துப்பாக்கியின் எடையை உடம்புதான் தாங்க வேண்டும். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் முழங்காலிட்டும் படுத்தும் சுடும்போது கையில் வார் கட்டிக்கொள்ளலாம், அங்கும் பைபாடுக்கு இடமில்லை. கைகளால் எடையைத் தாங்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு எஸ்.எச்.2 பிரிவில் ஸ்பிரிங் வைத்த தனித் தாங்கி உண்டு. அதுவும் வேறு பொருள். பைபாடையே அடிப்படையாக வைத்து நடக்கும் போட்டி எஃப்-டி.ஆர். அது .223 அல்லது .308 குண்டில் பல நூறு கெஜ தூரத்துக்குச் சுடுவது. பைபாடோடு சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு அது எட்டாத தூரம். ஆக, இங்கே பைபாடுக்கு நியாயமான வேலை மூன்றுதான்: ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிபார்ப்பது, எந்த பெல்லட் (ஏர்கன்னில் போடும் சிறு ஈயக் குண்டு) நம் குழலுக்கு ஒத்துவருகிறது என்று பார்ப்பது, மேசையிலோ தரையிலோ துப்பாக்கியை நிறுத்தி இலக்கு அட்டையில் சுட்டுப் பழகுவது.

ஒரு மேசைக் கணக்கிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். பைபாட் நிற்கும் இடத்துக்கும் பின்கட்டை தோளில் பதியும் இடத்துக்கும் இடையில் 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு கால் ஆணி அடித்தாற்போல் நின்றாலும், பின்கட்டை 1 மி.மீ. மேலே போனால் 50 மீட்டர் தொலைவில் குறி சுமார் 62 மி.மீ. கீழே போய்விடும். கால் மில்லிமீட்டர் அசைந்தாலும் 15 மி.மீ. 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். மூச்சு, நாடித்துடிப்பு, தோளின் அசைவு எல்லாம் பின்கட்டை வழியாகத்தான் வருகின்றன. முன்னால் தாங்கி வைத்து, பின்னால் வெறும் கையோடு விட்டால், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறோம். பைபாடுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கொடுக்கத் தயங்காதவர்கள் பின்கட்டைக்கு அடியில் ஒரு பை வைக்கத் தயங்குவது எங்களுக்கு விளங்கவே இல்லை.

அந்தப் பையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காலில் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, உள்ளே காடாத் துணியில் தனிப் பை போட்டு, இரட்டைத் தையல் போட்டால் முடிந்தது. உள்ளே என்ன நிரப்புவது என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். திருப்பூரில் சும்மா கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட்டை அடைப்பார்கள். அது அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். பஞ்சும் அப்படித்தான். கம்பு, ராகி நிரப்பினால் நாலு நாள் நன்றாக இருக்கும். பிறகு வண்டும் எறும்பும் வரும், தோட்டத்துச் சாளையில் வைத்தால் எலியும் வரும். மணல் நல்லது. நைசான தூசி நீங்கும்படி அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துப் போட வேண்டும். ஈரம் இருந்தால் மழைக்காலத்தில் கட்டிதட்டித் துணியும் இற்றுப்போகும். எம்-சாண்ட் மணிகள் கூர்விளிம்பு கொண்டவை. இறுகி உட்கார்ந்துகொள்ளும், கையில் பிழிந்து உயரம் மாற்ற வராது. மணலின் எடை வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறைகளில் கிடைக்கும் 'தானா' என்ற பிளாஸ்டிக் மணிகளைப் போடலாம்: இலேசானது, பூச்சி வராது, நனைந்தாலும் கெடாது. பின்பையை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். இடது கையால் பையைப் பிழிந்தால் பின்கட்டை ஏறும், குறி இறங்கும். தளர்த்தினால் குறி ஏறும். பை கல்லாக இறுகினால் இந்த வசதி போய்விடும்.

இனி துப்பாக்கி விஷயம். உரிமம் இல்லாமல் நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், அதாவது குழலை மடக்கி ஏற்றும் வகை. (2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர்கன்னுக்குத்தான் உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும்.) இந்த ஸ்பிரிங் வகைக்கு பைபாட் பொருந்தவே பொருந்தாது என்பது எங்கள் திடமான கருத்து. டிரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முன்முனையில் காற்றை அழுத்தி நின்றதும் துப்பாக்கி முன்னோக்கி இழுக்கிறது. இத்தனையும் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் தொடங்கிவிடுகிறது. ஆகவே துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடிவர வழி விட வேண்டும். பைபாடின் ரப்பர் பாதங்கள் தரையைப் பற்றிக்கொண்டு அந்த ஓட்டத்தைத் தடுக்கும். சிமென்ட் தரை என்றால் ஒரு முறை பற்றும், ஒரு முறை துள்ளும். விளைவு, அடி (பெல்லட் போய்ப் படும் இடம்) மேலே ஏறும், சிதறும். இதற்கு மருந்து, துப்பாக்கியின் எடை சமநிலையாக நிற்கும் இடத்தை விரித்த உள்ளங்கையில் தாங்கி, அந்தக் கையைப் பையின் மேல் வைத்து, பின்கட்டையைத் தோளில் இலேசாகத் தொடவிட்டுச் சுடுவதுதான். இறுக்கிப் பிடித்தால் கெட்டது.

காற்றுக் குப்பி வைத்த பி.சி.பி. வகைக்கு உதைப்பு மிகக் குறைவு; அங்கே பைபாட் வேலை செய்யும். ஆனால் எங்கே மாட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். குழலில் கவ்வும் மலிவு வகையை அறவே ஒதுக்கிவிடுங்கள். எடை முழுவதும் குழலில் ஏறினால் குழல் வளையும். சுடும்போது அது அதிரும் விதமும் மாறும். பைபாடோடு ஒரு இடத்திலும் பைபாட் இல்லாமல் வேறொரு இடத்திலும் அடி விழும். குழலையும் குப்பியையும் சேர்த்துப் பிடிக்கும் கவ்வி இன்னும் மோசம். குப்பி 200 பாரில் ஒரு அளவிலும், அழுத்தம் குறையக் குறைய மிக நுட்பமாக வேறு அளவிலும் இருக்கும். அந்த மாற்றத்தைக் கவ்வி குழலுக்குக் கடத்தினால் குறி நகர்ந்துகொண்டே போகும். பைபாட் முன்கட்டையிலோ அதிலுள்ள தண்டவாளத்திலோதான் (துணைப்பொருள் மாட்டும் உலோகப் பட்டை) உட்கார வேண்டும்.

வார் மாட்டும் குமிழ், பிகாடினி தண்டவாளம், போட்டித் துப்பாக்கிகளின் முன்கட்டை அடியில் ஓடும் டி வடிவக் காடி என்று வாங்கும்போது கண்ணில் படும் மூன்று வழிகளில் எதுவும் மோசமில்லை. குமிழ் வகையில் ஒரு எச்சரிக்கை: மரத் திருகாக நேரே கட்டையில் ஏற்றியிருந்தால் பைபாடின் நெம்பலில் மரை தின்று கழன்று வந்துவிடும். உள்பக்கம் நட்டு வைத்து எந்திரத் திருகு போட வேண்டும். அமெரிக்க வகைகளில் அங்குல மரை வருவது வழக்கம். பொருந்துகிறதே என்று மெட்ரிக் போல்ட்டை அடித்து ஏற்றினால் இரண்டும் பாழ். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பழைய நட்டையே கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே மரையில் ஒரு அடாப்டர் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

பிளாஸ்டிக் கட்டை என்றால் இன்னொரு சோதனை. பைபாடை விரித்துத் துப்பாக்கியை நிறுத்தி, தோளால் இலேசாக முன்னே தள்ளியபடி, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். எங்காவது சிக்கினால் கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது என்று பொருள். சும்மா நிற்கும்போது தாள் ஓடும், தள்ளும்போது சிக்கும். ஆகவே தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும்.

உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் நீளமான கால்களைத் தேடிப் போகிறார்கள். 13 அங்குலத்திலிருந்து 27 அங்குலம் வரை நீளும் வகை உட்கார்ந்து சுடுவதற்கானது. நீளக் காலில் ஆட்டம் அதிகம். தரையில் படுத்துச் சுடவும் மேசைக்கும் 6 முதல் 9 அங்குலம், அதாவது 15 முதல் 23 செ.மீ. வரை உள்ளதே போதும். நெஞ்சகலம் பெரிதான ஆளுக்கும், துப்பாக்கியின் அடியில் மேகசின் நீட்டிக்கொண்டிருந்தாலும் 9 முதல் 13 அங்குலம் பார்க்கலாம். படுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கூட இருப்பவரை முன்கட்டைக்கும் தரைக்கும் இடையே டேப் பிடிக்கச் சொன்னால் அளவு கிடைத்துவிடும். அளவுக்குள் எது தாழ்வோ அதுவே நல்லது. காலில் படி வெட்டிய வகையை எடுங்கள். இரண்டு காலும் ஒரே எண்ணிக்கைப் படியில் நிற்கிறதா என்று விரலால் எண்ணிப் பார்க்கலாம். திருகி இறுக்கும் வழவழப்பான கால் போகப் போக இறங்கும்.

தலைப்பகுதி இடம் வலமாகச் சாயும் வகைதான் வேண்டும். களத்து மேட்டில் எந்த இடமும் மட்டமில்லை. சாயாத பைபாடில் நிலம் எப்படிச் சரிந்திருக்கிறதோ அப்படியே துப்பாக்கியும் சரியும். அதனால் என்ன என்று கேட்கலாம். .22 குண்டு 50 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பால் சுமார் 13 செ.மீ. விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்டத்தான் குழலைக் குறிக்கோட்டுக்கு மேலே சற்று உயர்த்திச் சரிசெய்திருக்கிறோம். துப்பாக்கி 5 பாகை வலப்பக்கம் சாய்ந்தால் அந்த ஈடு சாய்ந்த திசையில் போய், அடி வலப்பக்கம் 11 மி.மீ. விலகும். பத்து வளையமே 10.4 மி.மீ. என்று மேலே சொன்னோம். ஸ்கோப்பில் ஒரு சிறு ரசமட்டம் ஒட்டிக்கொள்வது நல்லது. சாயும் மூட்டின் நட்டை, கையால் தள்ளினால் தலைப்பகுதி அசையும், விட்டால் நின்ற இடத்தில் நிற்கும் என்ற அளவுக்கு இறுக்க வேண்டும். மலிவுப் பைபாட்களில் முதலில் தேய்வது இந்த மூட்டுதான். அடுத்து, வார்ப்பு உலோகத்தில் செய்த கால் கீல் விரிசல் விடும். கடையிலேயே விரித்து நிறுத்தி, தலையைப் பிடித்து இடவலமாக முறுக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது பிடிக்கும் முறை. துப்பாக்கி காலியா என்று பார்த்து, குழலின் வாய் அட்டைப் பக்கமே இருக்கும்படி நிறுத்திக்கொள்ள வேண்டும். உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால் ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் உதைப்பு தோளைத் தள்ளிவிட்டு வழி தேடும். துப்பாக்கி ஒரு பக்கமாகத் துள்ளும். பைபாடின் கால்களைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்துப் பூட்டி, தோளை இலேசாக முன்னே கொடுத்து, மூட்டுகளில் இருக்கும் தளர்வை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் தள்ளல், இன்னும் தள்ளினால் தசை நடுங்கும். எல்லா அடிக்கும் தள்ளல் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். வலது கை டிரிகருக்கு, இடது கை பின்பைக்கு. கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் படிய வேண்டும். பிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துவராமல் இடுப்பை நகர்த்துங்கள். கையால் இழுத்த குறி, டிரிகர் விழும்போது திரும்ப ஓடிவிடும். மூச்சை வெளியே விட்ட பின் இயல்பாக வரும் இடைவெளியில் ஐந்தாறு விநாடிக்குள் சுட வேண்டும். தாண்டினால் விட்டுவிட்டு மறுபடி மூச்செடுப்பதே சரி.

மேசையில் சுடுபவர்களுக்கு ஒரு தொல்லை: வழவழப்பான கடப்பா கல்லில் ரப்பர் பாதம் வழுக்கும், தள்ளல் நிற்காது. பொள்ளாச்சிப் பக்கம் விற்கும் தேங்காய் நார் மிதியடியைக் கால்களுக்கு அடியில் போடுங்கள். பாதம் கொஞ்சம் பதிந்து பிடித்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் பவானி ஜமக்காளத்தை ஒரு மடிப்பு போட்டு விரித்தாலே துள்ளல் அடங்கும். நாலு மடிப்பு போட்டு மெத்தை ஆக்கிவிட்டால் மறுபடி ஆட்டம்தான். உழுத கரிசல் மண்ணில் பாதம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடியில் ஒரு பலகைத் துண்டு வேண்டும்.

பைபாட் மேல் பழி விழும் இன்னொரு இடம் ஸ்கோப். துப்பாக்கியைத் தொடாமல், பைபாடிலும் பையிலும் நிற்கவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடி தலையை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். குறுக்குக்கோடு அட்டையில் ஊர்ந்தால் அது பாராலாக்ஸ். 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பை 10 மீட்டரில் வைத்தால் இப்படித்தான் ஆகும். தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் வளையம் உள்ள ஸ்கோப் என்றால் அதைத் திருப்பி ஊர்வதை நிறுத்தலாம். இல்லையென்றால் கன்னத்தை ஒரே இடத்தில் வைப்பது ஒன்றே வழி.

எல்லாம் செய்த பிறகு, பைபாடால் பயன் உண்டா என்று அட்டையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே டப்பா பெல்லட்டில், முன்னும் பின்னும் மணல்பை வைத்து ஐந்தைந்து முறை சுட்டு நான்கு தொகுதி. அதே தூரத்தில் பைபாடும் பின்பையும் வைத்து நான்கு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் மிக விலகிய இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து எழுதுங்கள். மூன்றே முறை சுட்ட தொகுதி நம்பத்தக்கதல்ல. யாருக்கும் மூன்று நன்றாக விழும். இரண்டு வகையிலும் தொகுதி விழும் இடம் மாறுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாறினால், எதை வைத்துச் சுடப்போகிறீர்களோ அதை வைத்தே ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனையை ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் அந்தக் காற்றில் அரை கிராம் பெல்லட் 25 மீட்டரிலேயே சில சென்டிமீட்டர் விலகும். பழி மட்டும் பைபாடுக்கு.

பெல்லட் எங்கே போய் நிற்கும் என்பதைச் சுடுவதற்கு முன் பார்க்க வேண்டும். தென்னை மரமும் கிணற்றுக் கல்சுவரும் தடுப்பு ஆகா. கல்லில் பட்ட பெல்லட் திரும்பி வரும், கண்ணாடி அணியுங்கள். மணல் நிரப்பிய பெட்டிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் நல்லது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. தோட்டத்தில் மயில் மேய்கிறது, பன்றி புரட்டுகிறது என்ற ஆத்திரம் எங்களுக்கும் தெரியும். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றிக்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். பைபாடில் நிறுத்திய துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதும் கூடாது. பார்ப்பதற்கு ஏதோ காட்சிப் பொருள் போல நிற்பதால் குழந்தைகள் முதலில் போவது அதனிடம்தான்.

செம்மண் தூசி கால்களுக்குள் போனால் படி சரியாகப் பூட்டாது. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கிரீஸ் தடவினால் அதே தூசி ஒட்டி அரைக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்கெனவே பைபாட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். சுடும்போது கழற்றி வையுங்கள்; குழலைத் துடைக்கும்போதும் ஸ்கோப் வளையங்களை இறுக்கும்போதும் காலித் துப்பாக்கியை மேசையில் அசையாமல் நிறுத்த அது நன்றாகவே உதவும்.

இங்ஙனம்,
இலக்குச் சுடுதல் பழகுவோரும் பழக்குவோரும் சிலர்,
பல்லடம் வட்டாரம்.